மகிமாவுக்கு நான் வாங்கிய நூற்றுக்கு நூறு

ராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனை மருத்துவர் உதவியாளர்கள் உண்டோ, அத்தனை பேருக்கும் மூளை நான்தான், ஐயா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டு தேசப்பன் மட்டும் இதை நம்பியதே இல்லை. "ஆண்ட்ரூ, நீ வுடுற கப்பலு ஆர்பர்ல நிக்காது மாமு" என்பான்.

எல்லாம் மாடியில் குடியிருக்கும் மகிமாவால் ஆரம்பித்தது. திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர். உரிமத்தைப் புதுப்பிக்கப் புதுப் பாடங்கள் படித்துத் தேற வேண்டும், எல்லாம் இணையத்தில்தான். அவளோ பகல் டூட்டி முடிந்த கையோடு ராத்திரி டூட்டிக்கும் நிறுத்திவைக்கப்படுகிறவள். வகுப்பு ஓடும்போது 'இருக்கிறீர்களா' என்று திரை அவ்வப்போது கேட்கும். அதைத் தொடுவதற்கு மட்டும்தான் என்னை உட்கார வைத்தாள். எனக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. அவள் பெயரில் சந்தேகம் கேட்டு, பேராசிரியருக்கே வியர்க்க வைத்தேன். பரீட்சையையும் நானே எழுதினேன். நூற்றுக்கு நூறு. அப்புறம் அவள் தோழிகளும் வந்தார்கள். காசு வாங்கியதில்லை, வஞ்சிரத் தலை கொடுத்தால் மறுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் வந்த பாடம் ஒவ்வாமை. ஊசி போட்டதும் உதடு வீங்கி மூச்சு இழுத்தால், முதலில் தொடையில் அட்ரினலின். மற்றதெல்லாம் பிறகு. பழைய பழக்கத்தில் வேறு ஊசி போட்டுக் காத்திருந்தால் ஆள் தங்காது.

அடுத்த வாரமே தேசப்பனின் மனைவி பூமாரிக்கு, வெள்ளத்தில் நடந்து நடந்து, காலில் புண். மகிமாவிடம் போகச் சொன்னது நான்தான். நூறு மார்க் வாங்கிய பெண் என்றேன். கூடவும் போனேன். டாக்டர் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். புண்ணுக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பூமாரியின் உதடு வீங்கியது. மகிமா பழைய வழக்கப்படி வேறொரு ஊசியைப் போட்டுவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் அட்ரினலின் குப்பி இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே பெயர் தெரிந்தது.

"மூச்சு வுட முடியலண்ணே" என்று பூமாரி என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மகிமா பார்த்துக்கொள்வாள் என்றேன்.

வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை போயிருக்கும், ஐயா. அதோடு, அவளுக்குப் பின்னால் சுவரில் அந்த நூறு மார்க் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று.

பூமாரியின் காரியம் முடிந்ததும் தேசப்பனிடம் போய், போட்டிருக்க வேண்டியது எந்த மருந்து, எந்த இடம், எவ்வளவு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கத்தவில்லை.

"நெசம்தான் மாமு, நீதான் படிச்சிகீற" என்றான். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணியும் தெரியலியே."