வாய் திறக்காத ஏலக்காரரும் எங்கள் படக்காரம்மாவும்

பேச்சு ஆய்வுப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் பாராட்டு மடல்

சொல் பிறக்கும் இடத்தைச் சோதித்தறிந்த செம்மலே! அஞ்சி வந்தோரின் அருகமர்ந்து ஆறுதலாய்ப் படம் காட்டிய அன்னையே! ஐயம் வந்தபோது அதை ஐயமென்றே எழுதிவைத்த நேர்மையே! வணக்கம்.

தங்கள் பெருமையைத் தங்களிடமே சொன்னால், "அடப் போங்கப்பா, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கையை உதறிவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் தாங்கள் இந்த அரங்கிலேயே இல்லை என்று பாவித்துக்கொண்டு, முன்வரிசையில் இருக்கும் தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த செல்வங்களுக்கும் ஒரு கதை சொல்கிறோம். கோபித்துக்கொள்ளாமல் கேட்டிருங்கள்.

செல்வங்களே, படம் காட்டுவதால் படக்காரம்மா என்று நாங்கள் அழைக்கும் இவரின் இடம் அறுவை அறையில் மிகச் சிறியது. மூளைக் கட்டியை எடுக்க வந்த நோயாளியின் தலையருகே பச்சைத் துணி கூடாரம்போல் தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள். இந்தப் பக்கம் ஒரு முக்காலி, ஒரு கணினித் திரை, படக்காரம்மா. மண்டையோட்டைத் திறக்கும்வரை நோயாளிக்கு மயக்கம்; பிறகு எழுப்பிவிடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. மருத்துவர் இருமுனைக் கம்பியால் மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் வைப்பார். தொட்ட இடம் சில நொடிகள் தன் வேலையை நிறுத்தும். அந்த நொடியில் அம்மா ஒரு படத்தைக் காட்டுவார். "இது குடை" என்று நோயாளி தடையில்லாமல் சொல்லிவிட்டால் அந்த இடத்தைக் கட்டியோடு சேர்த்து எடுக்கலாம். சொல் உடைந்தால் அங்கே எண் எழுதிய சிறு தாளை வைப்பார்கள். கத்தி அந்தப் பக்கம் போகாது.

எப்படி உடைந்தது என்று கண்டுகொள்வதுதான் அம்மாவின் வித்தை. "இது..." என்று தொடங்கிப் பெயர் கிடைக்காமல் தவித்தால் ஒரு வகை. பெயர் கிடைத்தும் ஒலிகள் இடம் மாறி, வாளி 'லாவி' ஆகிவிட்டால் வேறு வகை. 'இது' என்பதே வராமல் வாய் நின்றுவிட்டால் இன்னொரு வகை. ஒரு சொல் நாவுக்கு வருமுன் எத்தனை படி இறங்கி வருகிறது என்று நம் ஆய்வேடுகள் இன்று பெருமையாகச் சொல்வதெல்லாம், இவர் முக்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்து குறித்துவைத்த அந்த உடைசல்களால் கட்டியதுதான்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏலக்காரர் வந்தார். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர், குரல்தான் பிழைப்பு. கட்டியோ பேச்சுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் பேச்சு போகும். கொஞ்சம் விட்டுவைத்தால் கட்டி திரும்ப வளரும்.

மனுஷருக்குப் படத்தைக் கண்டதும் தொழில் புத்தி வந்துவிட்டது. "இது குடை! நல்ல குடை! கம்பி வளையாத குடை!"

"அண்ணே, பேரை மட்டும் சொல்லுங்க. ஏலம் விடாதீங்க."

"இது ஏணி! ஏறினா இறங்க மனசு வராத ஏணி!"

மயக்க மருத்துவர் சிரித்துவிட்டார். அம்மாவும் அலுப்பில், "அண்ணே, உங்க சரக்கை எல்லாம் சந்தையில வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த படம் வாளி. அதே நொடியில் பன்னிரண்டாம் இடத்தில் மின்சாரம். ஏலக்காரர் வாய் திறக்கவில்லை. மின்சாரத்தை எடுத்தார்கள். அப்போதும் திறக்கவில்லை.

"பேச்சு நின்னுடுச்சு. பன்னிரண்டுல தாள் வைங்க. அந்தத் துண்டை விட்டுடலாம்" என்றார் தலைமை மருத்துவர்.

படக்காரம்மா அந்த முகத்தைப் பார்த்தார். மின்சாரம் தடுத்த வாய் போராடும். உதடு துடிக்கும், கண் உதவி கேட்கும். இந்த உதடுகளோ இறுக மூடியிருந்தன. கண் வேண்டுமென்றே படத்தை விட்டு விலகியிருந்தது.

"சார், இது மூளை நின்னது இல்ல. இவர் என்கிட்ட கோவிச்சுக்கிட்டாரு."

"நிச்சயமா சொல்ல முடியுமா? தப்பாப் போச்சுன்னா அவர் வாயில்லாம வீட்டுக்குப் போவாரும்மா."

"மறுபடி வச்சுப் பாருங்க. பேச வைக்கிறது என் பொறுப்பு."

ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்தால் வலிப்பு வரலாம் என்பதால், இடையில் சற்றுப் பொறுத்தார்கள். அம்மா முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, இந்த வாளி அடியில ஓட்டை போல இருக்கே. இதை யார் வாங்குவா?"

மின்சாரம் வைக்கப்பட்டது.

"ஓட்டையா? யாரும்மா சொன்னது? இது வாளி! புது வாளி! ஓட்டை உன் கண்ணுலதான் இருக்கு!"

ஒரு சொல்லும் உடையவில்லை; ஓர் ஒலியும் தடுக்கவில்லை. இடைவெளி விட்டு இன்னும் இருமுறை வைத்தார்கள். இருமுறையும் திட்டு சரளமாக விழுந்தது. தாளை எடுத்துவிட்டு, அந்தத் துண்டையும் அகற்றினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், எங்கள் அம்மா கெட்டிக்காரர் என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை, செல்வங்களே. மறுநாள் ஏலக்காரர் பேசவே இல்லை.

"வீக்கமா இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம்" என்றார் தலைமை மருத்துவர். ஏலக்காரரின் மனைவிதான் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க ஏம்மா இடிஞ்சு போறீங்க? இவரு கோவிச்சா மூணு நாளு. தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டித்தான் காட்டுவாரு." அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது? ஆனாலும் பதிவேட்டைத் திறந்து, 'பன்னிரண்டாம் இடத்தை எடுக்கச் சொன்னது என் கணிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாளும் கழிந்தது. மனைவியின் வாயிலும் ஆறுதல் தீர்ந்துபோனது. "கணக்கு தாண்டிடுச்சேம்மா..." என்றார். அன்று அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுந்துபோனார்.

நான்காம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது; நண்பகலில் அம்மாவுக்கு ஆளனுப்பினார்கள். ஏலக்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் கைபிடித்து இறக்குவதுபோல் சொன்னார்.

"தங்கச்சி... அன்னிக்கு வீம்பு. இந்த நாலு நாளும்... வீம்பு இல்ல. வரல. கோவமுன்னு நீங்கல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இல்லேன்னு சொல்ல... வாய் வரல."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். தன் கணிப்பு சரியானதற்காக அவர் அன்று மகிழவில்லை. பேச முடியாமல் தவித்த ஒருவரை, பேச மனமில்லாதவர் என்று நம்பி நான்கு நாள் தனியே விட்டதற்காக அழுதார். மூன்று மாதத்தில் ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பினார்; கொஞ்சம் நிதானமாக விற்றாராம், அவ்வளவுதான்.

நாம் இன்று நிரப்பும் படிவத்தில் மௌனத்துக்கு நேரே 'முடியவில்லை', 'மனமில்லை', 'எனக்குத் தெரியவில்லை' என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றனவே, அவை அந்த வாரம் இவர் கையால் கோடு போட்டவை. மூன்றாவது கட்டத்தில் குறியிட வெட்கப்படாதீர்கள்.

அம்மா, இனி தாங்கள் அரங்குக்குத் திரும்பி வரலாம்.

பேசத் துடிப்பவரைப் பொறுமையால் தாங்கியவரே! குடையைக் காட்டி என்னவென்றும், ஏணியைக் காட்டி என்னவென்றும், தெரிந்த விடைக்கே முப்பத்தோராண்டு கேள்வி கேட்டீர்கள். இனி விடை தெரியாத கேள்விகளை ஆசை தீரக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி வளைத்துப் பதில் சொல்லட்டும், நடுவில் ஏலமும் விடட்டும், தாங்கள் குறுக்கிடாமல் கேட்டிருங்கள். முதுகுவலி முக்காலியோடு இங்கேயே நின்றுவிட, நலமும் நிறைவும் நீண்ட ஆயுளும் தங்களோடு வீடு வரட்டும்!

என்றும் தங்கள் அன்பில்,
பேச்சு ஆய்வுப் பிரிவு மற்றும் அறுவை அறைப் பணியாளர்கள்