பல் டாக்டர் எழுதியதெல்லாம் உண்மையா?

— இல்ல கண்ணு, அது சுத்தப் பொய். கழுத்துல கட்டற டையை அவர் ஏரியில வீசவே இல்ல. போன வருஷம் அதாலதான் தக்காளிச் செடியைக் கட்டி வெச்சார். இப்போ கராஜ்ல ஆணியில தொங்குது.

— ஆனா மேடம், கட்டுரையில உங்க வீட்டுக்காரர் ஆர்விட், "பல் கிளினிக்கை வித்த அன்னைக்கே என் டையை சுபீரியர் ஏரியில எறிஞ்சேன்"னு எழுதியிருக்காரே!

— எழுதுவார். டுலூத் ஊருக்கே இருபத்தாறு வருஷம் பல்லு பிடுங்கினவர். "வலிக்காது, வலிக்காது"ன்னு சொல்லிச் சொல்லியே பழகின வாய்.

— சிரிக்க வைக்காதீங்க. பத்திரிகையில இருந்து இப்படிப் போன் போட்டுத் தகவல் சரிபார்க்கற வேலை எனக்கு. ஒவ்வொரு வரிக்கும் சாட்சி தேடினாத்தான் இந்த டெல்ஃபினுக்குச் சம்பளம். அடுத்தது: "எழுதினதையெல்லாம் முதல்ல எங்க நாய் பிக்கிளுக்குத்தான் படிச்சுக் காட்டுவேன்."

— அது நிஜம். பிக்கிளைக் கூப்பிடட்டுமா? ஒரு தடவை குலைச்சா ஆமாம்னு அர்த்தம்.

— வேண்டாம், நம்பறேன். "தினமும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து எழுத உக்காருவேன்."

— அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்.

— நல்லது.

— உக்காரவும் செய்வார். பாத்ரூம்ல.

— மேடம்!

— அப்புறம் எட்டு வரைக்கும் குறட்டை. என்ன பண்றது, இந்த மாரிட் வாயில பொய் வராது.

— போச்சு, ரெண்டு தப்பாச்சு. மூணாவது வந்தா எங்க ஆசிரியர் கட்டுரையையே தூக்கிடுவாங்க.

— தூக்கறதுன்னா?

— அச்சுக்குப் போகாது.

— அடிப்பாவி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ரெண்டு வருஷமா எழுதறார், இப்போதான் ஒரு பத்திரிகை சரின்னு சொல்லியிருக்கு. இதுவும் போச்சுன்னா, திங்கக்கிழமை மால்ல இருக்கற பல் கிளினிக்ல சேர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கார்.

— சேர்ந்தா உங்களுக்கும் நிம்மதிதானே?

— நிம்மதியா? பல்லு பாத்த காலத்துல வீட்டுக்கு வந்தா மனுஷன் வாயே திறக்க மாட்டார். இப்போ சாப்பாட்டு மேசையில, எழுதறதுக்காகப் படிச்ச கடல் நீர்நாயைப் பத்தி விடாம பேசறார். ரெண்டு கையையும் மார்ல வெச்சுக்கிட்டு, மல்லாக்க மிதக்கற மாதிரி நடிச்சே காட்டறார்! இந்த மனுஷனை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன். லைன்ல இரு.

— எங்க போறீங்க? என்ன சத்தம் அது, காத்தா?

— டையை எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்கு வந்துட்டேன். வீட்டுக்குப் பின்னாலதானே. இந்தா, வீசிட்டேன்! சே, பனிக்கட்டி மேல போய் உக்காந்துக்கிச்சு. இரு, துடுப்பால தள்ளறேன்.

— மேடம், இன்னைக்குப் போட்டா செல்லாது! "வித்த அன்னைக்கே"ன்னு எழுதியிருக்கார்!

— "அன்னைக்கே"வை அடிச்சிடு. "டை ஏரிக்குப் போச்சு"ன்னு போடு. அதோ போயிட்டிருக்கு, என் கண்ணாலயே பாக்கறேன்.

— கடவுளே. சரி, கண்ணால பாத்த சாட்சி. அந்த அஞ்சு மணி வரியில "எழுத உக்காருவேன்"ங்கறதையும் எடுத்துடறேன்.

— நீ நல்லா இருப்பே.

— இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். "நான் எழுதினதுல ஒரு வரியைக்கூட என் மனைவி படிச்சதில்ல. அந்தத் தைரியத்துலதான் எழுதறேன்."

— இரு, துடுப்பைக் கீழ வெச்சுட்டு வரேன்.

— மேடம்? இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன். நிஜம்தான். ஒரு வரிகூட இல்ல. படிக்காதேன்னு சொல்லியிருக்கார், நான் எதுக்குத் தொடப்போறேன்?

— அப்பாடா! முடிஞ்சது மேடம். கட்டுரை அச்சுக்குப் போகுது.

— கண்ணு, ஒரு வேண்டுகோள். கடைசிப் பாராவுல, கிளினிக் விளக்கையெல்லாம் அணைச்சுட்டு, நோயாளி நாற்காலியில அவரே வாயைத் திறந்துக்கிட்டுத் தனியாப் படுத்துக் கிடக்கறாரே, அதை மட்டும் வெட்டிடாதீங்க. அந்த இடம் வரும்போதெல்லாம் தாளை மூடி வெச்சுட்டு, அவருக்கு ஒரு காபி போட எழுந்து போயிடறேன்.