மாடு மென்ற முந்தானை

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் மாட்டு டாக்டர். பட்டுச்சேலை கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தவள் அவளுடைய அண்ணி. காது எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

"அண்ணி, என் முந்தானையை மாடு தின்னுடுச்சு!" என்று சிரித்தாள் டாக்டர்.

"ஐயையோ! நாலு கடை ஏறி எடுத்த சேலைடி!"

"விடியக்காலைல வரதராஜன்பேட்டைல கூப்பிட்டாங்க. முடிச்சுட்டு நேரா பஸ் ஏறலாம்னு இதோடயே போயிட்டேன். கன்னு கால் மடங்கி வெளிய வரல. நான் இழுத்துக்கிட்டிருக்கேன், பக்கத்துல கட்டியிருந்த மாடு நிதானமா மென்னுக்கிட்டிருக்கு."

"புடுங்கக் கூடாதா?"

"ரெண்டு கையும் கன்னோட காலைப் புடிச்சிருக்கே!"

அண்ணி முந்தானையை விரித்துப் பார்த்தாள். ஒரு முழத்துக்குக் கந்தல்.

"இன்னைக்கு மீட்டிங்ல கலெக்டர் முன்னாடி மொத மொதல்ல பேசப் போற. இதோடயா நிப்ப? எறங்கினதும் என் சேலையைக் கட்டிக்க."

"ஜாக்கெட் கலர் சேராதே அண்ணி."

"சேராததுதான்டி இப்ப ஃபேஷன்!"

"அப்ப இந்தக் கந்தலோட கல்யாணத்துக்கா போவீங்க?"

"கன்னு பொழச்சுதா?"

"எந்திரிச்சு நின்னு பாலும் குடிச்சிடுச்சு அண்ணி! கிடேரி!"

"அப்பறம் என்ன? கல்யாண வூட்டுல கேக்கறவங்ககிட்ட, என் நாத்தனா கன்னுக்குட்டிய உசுரோட எடுத்த சேலைன்னு சொல்லுவேன். கேக்காதவங்ககிட்டயும் சொல்லுவேன்."