பல்லி போட்ட மூணு கோடு

இல்லம்மா ஏஞ்சல், புது டிவிய நான் தொடவே இல்ல. பல்லிதான். சொவுத்துலேருந்து தொப்புனு குதிச்சுது, டிவி மேல ஓடுச்சு, மூணு கருப்புக் கோடு வந்துட்டுது. நீதான் ரிப்பேரு பாக்க வந்துகிற. பேப்பர்ல பல்லினு எழுதிடேன். எங்கூட்டுக்காரி லட்சுமி புதுவாயல் கடைக்குப் போயிகிறா. டிவிய தொட்டா சோறு கெடியாதுன்னு சொல்லிகிறாம்மா.

மோர் குடி. நம்ம பழைய பொட்டி டிவி இருந்துதே, அது டிவியா? பீரங்கிம்மா! பின்னாடி கழுத்துல துப்பாக்கி. அது சுடுற கதிரு கண்ணாடில பட்ட எடம் மின்னும். மேலேருந்து கீழ, கோடு கோடா அறுநூத்தி இருபத்தஞ்சு கோடு, ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு தபா. நம்ம கண்ணு மந்தம், அத்த முழுப் படம்னு நம்பிக்கும்.

ஒருநாளு கரண்டு டல்லு. கதிரு ஓட முடியாம நடந்து வருது. நியூஸ் படிக்கிற பொண்ணுக்குக் காலைல கொண்டை வந்துச்சு. நான் நாஷ்டா துன்னுட்டு வந்தா மூக்கு. சாயங்காலம்தான் வாயி வந்து வணக்கம் சொல்லுச்சு! சிரிக்காத, பக்கத்தூட்டு தணிகாசலம் சாட்சி. அவன் செத்துட்டான், அதான் பேஜாரு.

அந்தக் கண்ணாடிகிட்ட போனா முடி சிலுத்துக்கும். என் மண்டை ஏன் வழுக்கைனு நெனைச்ச? மொத்தமா எழுந்து நின்னுச்சு, அப்டியே காத்துல போயிடுச்சு.

இந்தப் புது டிவில துப்பாக்கியே கெடியாது. பின்னால லைட்டு எரிஞ்சிக்கினே கீது. முன்னால லட்சக்கணக்கா ஜன்னல், புள்ளிக்கு மூணு, செவப்பு பச்சை நீலம். உள்ள கூழாட்டம் ஒண்ணு, கரண்டு சொல்றாப்ல திரும்பிக்கினு வெளிச்சத்த உடும், இல்ல மறிக்கும். எப்டித் தெரியுமா? உங்க கம்பெனிக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் கேட்டேன். அந்தப் பொண்ணு மறுநாளே லீவு போட்டுச்சாம்.

அந்தக் கூழ நசுக்கினா கருத்துப் போயிடுமாமே? நல்ல வெயிட்டான பல்லிம்மா. தோ, டப்பால புடிச்சு வெச்சிகிறேன், பாரு. சின்னதுதான். பயத்துல எளைச்சிடுச்சு.

இன்னாம்மா மோந்து பாக்குற? சந்தன வாசனையா? நேத்து ஆயுத பூஜையில்ல? சாமி படத்துக்குப் பின்னாலதான் இந்தப் பல்லி குடித்தனம்.

ஏன் மூணு வெரல கோட்டு மேல வெச்சு அளக்குற? ஐயையோ, அழுத்தாதம்மா! நானும் அப்டிதான், மிக்சிக்கு, மோட்டாருக்கு எல்லாம் சந்தனம் வெச்சுட்டு, இதுக்கு மட்டும் வெக்கலனா கோச்சுக்குமேன்னு... பழைய டிவிக்கு முப்பது வருசம் இதே மூணு வெரலால அழுத்தித்தான் பட்டை போட்டேன், கல்லாட்டம் நின்னுச்சு. இத்த தொடச்சா சந்தனம் போவுது, கோடு போவல.

கேட்டு சத்தம் கேக்குதா? அவதான்.

வா லட்சுமி, வா! ஏஞ்சல் பொண்ணு எல்லாத்தையும் கண்டுபுடிச்சிடுச்சு. பல்லிதானாம்.