ஐந்து பட்டனுக்கும் ஒரே ஸ்டேஷன்

பழைய கார் ரேடியோவை அடையாளம் காண முகப்பைப் பார்க்கக் கூடாது ஐயா. குமிழ், பெயர்த்தகடு எல்லாம் கை மாறி வரும். ஒன்றின் முகத்தை இன்னொன்றுக்கு மாட்டிவிடுவார்கள். மூடியைக் கழற்றி உள்ளேதான் பார்க்க வேண்டும். முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். முதுகு போய்விட்டது, உட்கார்ந்தே சொல்கிறேனே.

அந்த ரேடியோக்களில் ஐந்து பட்டன் இருக்கும். பிடித்த ஸ்டேஷனில் வைத்து, பட்டனை வெளியே இழுத்து அமுக்கினால் அந்த இடம் உள்ளே இறுகிவிடும். அப்புறம் எப்போது அமுக்கினாலும் முள் அங்கேயே போய் நிற்கும். கரண்ட்கூட வேண்டாம், வெறும் இரும்பு வேலை.

நம் ஊர்ப் பள்ளி டீச்சரின் கணவர் தன் காரின் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தபோது, ஐந்தையும் செய்தி ஸ்டேஷனுக்கே வைக்கச் சொன்னார். கூட வந்த டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அஞ்சுக்கும் ஒரே ஸ்டேஷனா? அண்ணே, இவரு பேச்சைக் கேக்காதீங்க."

"ரோட்டைப் பாத்து ஓட்ட வேணாமா? எதை அமுக்கினாலும் நியூஸ் வரணும். உன்னை மாதிரிதான், எதைக் கேட்டாலும் ஒரே பதில்."

சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தேன். அப்படிக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

அடுத்த வருடம் அவர் காரோடு காணாமல் போனார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. காலையில் கிளம்பினார், திரும்பவில்லை. என் கடைப்பக்கம் வந்தாரா என்று கேட்டு டீச்சர் வந்தார். மறு வாரமும் வந்தார். பிறகு வாராவாரம் பள்ளி விட்டதும் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார். "நல்ல சேதி வரும்ல அண்ணே?" என்பார். "வரும் டீச்சர்" என்பேன். அண்ணன் என்று கூப்பிடுகிறாரே என்று எனக்கு ஒரு குறையும் இல்லை.

பதினான்கு மாதம் கழித்துக் கல்குவாரித் தண்ணீரில் ஒரு கார் கிடைத்தது. முன்பாதி நசுங்கி, நம்பர் எதுவும் தெரியாத நிலை. அந்த மாடல் ஊரில் பாதிப் பேரிடம் இருந்தது. உள்ளே எலும்புதான் மிச்சம். எலும்பைச் சோதித்து ஆளைச் சொல்லும் வசதி அப்போது இங்கே கிடையாது. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அதன் ரேடியோவை ஒரு சாக்கில் கொண்டுவந்தார்.

"டீச்சர் வீட்டுக்காரரோடதா இருக்குமோன்னு சந்தேகம். நீங்கதானே ரிப்பேர் பண்ணது? பாத்துச் சொல்லுங்க, அந்தம்மாவுக்கு ஒரு முடிவு தெரியட்டும்."

துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் மூடியைக் கழற்றினேன். முதல் பட்டனை அமுக்கினேன், முள் ஓரிடத்தில் போய் நின்றது. மற்ற நான்கையும் அமுக்கினேன். முள் அசையவில்லை.

"இது அவரோடது இல்லை சார். வெளியூர் வண்டி" என்றேன்.

முந்தின வாரம்தான் டீச்சர் என்னிடம் நல்ல சேதி வருமா என்று கேட்டிருந்தார். அவரிடம் போய் எலும்பு என்று எப்படிச் சொல்வது? தாங்க மாட்டார். எலும்பை அநாதைப் பிணமாகப் புதைத்துவிட்டார்கள், பொதுக் கல்லறையில் நான்காவது வரிசை, கடைசிக் குழி. பெயர் எழுதவில்லை.

ரேடியோவை இன்ஸ்பெக்டர் திரும்பக் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. டீச்சர் எங்கேயோ தேடி அதே மாடலில் இன்னொன்றைக் கொண்டுவந்தார், கணவர் திரும்பி வரும்போது தயாராக இருக்கட்டும் என்று. அதில் பட்டன் பகுதி உடைந்திருந்தது. தண்ணீரில் கிடந்ததிலிருந்து கழற்றி, துலக்கி, மாட்டினேன். பேட்டரி இணைத்ததும் டீச்சர் ஐந்தையும் அமுக்கிப் பார்த்தார்.

"அப்படியே அவரு வச்ச மாதிரியே வச்சிருக்கீங்களே அண்ணே!"

"ஞாபகம் இருந்துச்சு டீச்சர்."

இன்றைக்கும் தினம் காலையில் அதில்தான் செய்தி கேட்கிறார். விரல் படும் இடம் அவருடைய கணவரின் விரல் பட்ட இடம்தான். தெரியாமலே என்றாலும், அந்த ஆறுதலை நான்தானே கொடுத்தேன்.

ஆறாவது வருடம், வெளியூரில் இருக்கும் டீச்சரின் மகள் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். டீச்சர் பாதி மனதாகிவிட்டார். அப்போது நான் ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மாடலுக்குப் பாகம் கேட்டு யாரோ போன் செய்தார்கள், குரல் தெரிந்த குரலாக இருந்தது, பெயர் கேட்டதும் வைத்துவிட்டார்கள் என்றேன். டீச்சர் பெட்டியில் அடுக்கிய துணியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். மகள் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்படியே பத்தொன்பது வருடம் போய்விட்டது ஐயா. போன வாரம் வந்து, தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"போதும் அண்ணே, அலுத்துப்போச்சு. இருக்காரோ இல்லையோ, இனிமே நான் காத்துக்கிட்டு இருக்கல. மாசக் கடைசியில மககிட்ட போறேன். டிக்கெட் போட்டாச்சு."

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதனால்தான் நானாகவே வந்து சொல்கிறேன். நான்காவது வரிசைக் குழியைத் தோண்டச் சொல்லுங்கள்; இப்போது பரிசோதனை இருக்கிறதாமே. முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். டீச்சர் இங்கேதான் இருந்தாக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், எலும்பை வாங்கி முறையாக அடக்கம் செய்ய வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி இன்றைக்கே தகவல் அனுப்பிவிடுங்கள்.

சொல்லும்போது நானும் கூட வருகிறேன். இந்த மாதிரி நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?