செவப்புத் துணி

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டு அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: “என் பையன் சட்டையக் கிழிச்சு மரத்துல கட்டினேன். இப்ப அத கும்புடறாங்க.”

“எந்த மரத்துலக்கா?”

“அடி அண்ணாமலையில, லாரி மோதி அவன் செத்தானே, அங்க இருக்கிற வேப்பமரம். செவப்பு துணியப் பாத்தா வண்டிங்க மெதுவா போவும்னு கட்டினேன். பௌர்ணமிக்கு மலைய சுத்த வந்தவங்க வேண்டுதல்னு நெனச்சு ஆளுக்கொண்ணு கட்டிட்டாங்க. மொதல்ல கல்யாணத்துக்குன்னாங்க. இப்ப கொழந்தை பொறக்குமாம். வண்டிங்க அதே வேகத்துலதான் போவுது.”

“நீங்க விஷயத்தச் சொல்லலியா?”

“சொல்லத்தான் போனேன். ஒரு பொண்ணு துணிய வச்சிக்கிட்டு அழுதுட்டிருந்தா. கொழந்தை இல்லியாம்.”

“அப்புறம்?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவளுக்குக் கை எட்டல. நாந்தான் கிளைய வளைச்சுப் புடிச்சேன்.”