கம்ப்ரஷன் கூடின வண்டிக்கு ஏற்ற மோட்டார்

பெரிய மோட்டாராகப் பார்த்து மாட்டிவிட்டால் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி. காலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. எனக்குத் தொழிலே அதுதான். டைனமோ, ஸ்டார்ட்டர் தவிர வேறெதையும் தொடமாட்டேன். எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஆள் என்று சொல்வார்கள்.

என் தங்கையை நேற்றிலிருந்து பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். புருஷனை வண்டியால் நசுக்கிக் கொன்றது தான்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது பொய். அவளை வீட்டுக்கு அனுப்பி வைக்கத்தான் வந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் கார் அவருடைய அப்பா வாங்கியது. நல்ல சாதுவான வண்டி. மாப்பிள்ளை கைக்கு வந்ததும் சிலிண்டர் தலையைச் சீவினார், மேடு வைத்த பிஸ்டன் போட்டார், கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தத்தை, எங்கேயோ ஏற்றிவிட்டார். பந்தயத்துக்கெல்லாம் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் உறுமிக்கொண்டு நாலு தெரு சுற்றத்தான். எடை குறையட்டும் என்று கைப்பிரேக்கைக்கூடக் கழற்றி எறிந்தார். அதனால் எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

கம்ப்ரஷன் ஏறிய இன்ஜின் காலைக் குளிரில் ஒழுங்காக இருக்கும். ஓடிச் சூடான பிறகு நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அதன் குணம் தெரியும். பழைய மோட்டார் முக்கும், முனகும், நின்றுவிடும். அதற்கு நான் காயில் மாற்றிக் கட்டிக் கொடுத்தேன். குறைந்த கம்ப்ரஷனுக்குச் செய்த மோட்டாரை எத்தனை முறை கட்டினாலும் அது அதுதான். மாப்பிள்ளை அதைப் புரிந்துகொள்ளவில்லை. பெட்ரோல் பங்கில் நாலு பேர் நிற்கும்போது சொன்னார்: "எங்க மச்சான் கட்டுற மோட்டாரு கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரிங்க. மத்தியானத்துக்கு மேல வேலை நடக்காது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், மத்தியானம் வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

வண்டியை அவர் ஸ்டார்ட் பண்ணுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஷெட். அதன் கடைசிச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இரும்பு மேசை, அதில் ஸ்பேனர்கள். வண்டியின் மூக்கு அந்த மேசையைப் பார்த்தபடி நிற்கும். மாப்பிள்ளை பானெட்டைத் திறந்துவிட்டு, மேசைக்கும் பம்பருக்கும் நடுவில் நின்று, கார்புரேட்டரில் காதை வைத்துக்கொண்டு, "அடி" என்று குரல் கொடுப்பார். என் தங்கை ஜன்னல் வழியாகக் கையை விட்டு டேஷ்போர்டு பட்டனை அமுக்க வேண்டும். சீட்டில் உட்காரக் கூடாது. ஒருமுறை உட்கார்ந்ததற்குப் பெல்ட்டைக் கழற்றினார்.

மனுஷருக்குக் கோபம் மூக்கின் நுனியிலேயே இருக்கும். ஒருநாள் அவள் பட்டனைத் தாமதமாக அமுக்கினாள் என்று, கூப்பிட்டு, கையை வாங்கி இன்ஜின் ஓரத்தில் வைத்து, பானெட்டை இறக்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் இப்போதும் மடங்காது, கவனித்திருப்பீர்கள். என்னிடம், "கதவுல மாட்டிக்கிச்சுண்ணா" என்றாள். கதவு நசுக்கிய தடம் எது, பானெட் கொக்கி நசுக்கிய தடம் எது என்று எனக்கா தெரியாது. சொந்தக்காரர்கள் வந்து, அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அணைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நான் கை ஓங்குகிறவன் இல்லை.

வேறொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். முன்னால் போய் நிற்பதற்குள் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டுமே, அதைச் சில நாள் மாப்பிள்ளை மறந்துவிடுவார். தங்கை பட்டனை அமுக்குவாள். கியரில் கிடக்கிற வண்டியை இழுக்கத் தெம்பில்லாமல் மோட்டார் ஒரு முனகலோடு நின்றுவிடும். அவர் சுற்றி வந்து, ஏன் சொல்லவில்லை என்று அவளை ஓர் அறை விட்டு, நியூட்ரல் போடுவார். தான் திட்டித் தீர்க்கிற அந்தச் சோப்ளாங்கி மோட்டார்தான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தங்கைக்கு விரல் போன பிறகு மாப்பிள்ளையே கடைக்கு வந்து, சூட்டிலும் பிடிக்கிற மாதிரி புது மோட்டார் வேண்டும் என்றார். இரண்டு வழி இருந்தது. அதே ஜாதியில் கொஞ்சம் பெரியதாக ஒன்று போடலாம்; பேட்டரியைக் குடிக்கும், ஆனாலும் பெரும்பாலும் சமாளிக்கும். இல்லையென்றால் உள்ளே பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார். பார்க்கக் கைக்கு அடக்கமாக இருக்கும். பிடித்தால் உடும்புப் பிடி. நான் சின்னதை எடுத்தேன். அந்த இன்ஜினுக்கு அதுதான் சரி, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். கியரில் நிற்கிற வண்டியையும் சேர்த்து அது இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் மற்றவர்களுக்கு மாட்டும்போது கூடவே ஒரு சுவிட்சும் வைப்பேன், கியரில் இருந்தால் பட்டனுக்குக் கரண்ட் போகாது. மாப்பிள்ளை வண்டிக்கு வைக்கவில்லை. மறதி இல்லை. சுவிட்ச் என் மேசை டிராயரில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மோட்டார் எப்படி என்று பார்க்க வந்தேன் என்பேன். தங்கைக்குச் சந்தோஷம், அண்ணன் அடிக்கடி வருகிறானே என்று. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஞாபகமாக நியூட்ரல் போட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று நன்றாகச் சுற்றிவிட்டு வந்தார். இன்ஜின் தகித்தது. துணியைப் பிடித்துப் பானெட்டைத் திறந்து, தன் இடத்தில் போய் நின்றுகொண்டு, "இப்பப் பாப்போம் மச்சான், உங்க மோட்டாரோட யோக்கியதைய" என்றார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். கியர் தடி முதல் கியரில் இருந்தது.

தங்கைக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "கியர்ல கிடக்கா பாருங்களேன்" என்றாள்.

"நீ எனக்குச் சொல்லித் தரியா? அடிடீ."

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். "அமுக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அவ்வளவுதான். பம்பருக்கும் மேசைக்கும் நடுவில் அவருடைய முட்டிகள் உடைந்தன. விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் பயந்துபோய் விரலை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை இன்ஜின் மேல் கவிழ்ந்தார். கன்னம் சூட்டில் ஒட்டியது. நல்ல நினைவோடுதான் இருந்தார். "மச்சான், வண்டிய எடுங்க மச்சான்" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

தங்கை ஓடிப் போய்ப் பம்பரைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "நியூட்ரல் போடுங்கண்ணா" என்று கத்தினாள். நான் முதலில் அவளை இழுத்து ஓரமாக நிறுத்தினேன். அந்தக் கையில் இன்னும் இரண்டு விரல் போய்விடக் கூடாது. பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டேன். நான் போவது கியர் தடிக்கு இல்லை என்று அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, "வேணாம்ணா, வேணாம்ணா" என்றாள். பட்டனை அமுக்கிப் பிடித்தேன். மேசை சுவரில் போய் இடிக்கும்வரை பிடித்திருந்தேன். மேசைக்கும் வண்டிக்கும் நடுவில் அவர் இருந்தார். இடுப்பு இருந்த இடம் எப்படி இருந்தது என்று டாக்டர் எழுதியிருப்பார்.

இரண்டு தடவையும் தானே அமுக்கியதாக அவள் சொல்கிறாளாம். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பைத்தியம். முதல் தடவை மட்டும்தான் அவள் விரல், அதுவும் நான் சொல்லி. உயிர் போனது இரண்டாவதில். அது நான்.

தங்கைக்காகத்தானே செய்தீர்கள் என்று கேட்டீர்கள். ஆமாம், அவளுக்காகத்தான். கால் இரண்டும் போனவர் இனி எழுந்து வந்து யாரையும் அடிக்கப் போவதில்லை. அவளுக்கு வேண்டியது முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனால் அவள் அவசரப்பட்டு விரலை எடுத்ததில் மோட்டார்தான் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சூட்டில் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. விரலை வைத்ததும் பிடித்துக்கொண்டது.